களைப்புக்கு ஒன்றரை வருடம் மல்டிவைட்டமின் போட்டேன், இப்போது ஃபெரிட்டின் 5

மழைத்துளி

முதல் முறையாக இழை தொடங்குகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வருடமாகத் தீராத களைப்பு. தூங்கி எழுந்தாலும் தூங்காதது போலவே இருக்கும். நாலு படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். சீப்பு நிறைய முடி வரும். வயது 39, வேலையும் வீடும் சேர்ந்தால் யாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒரு மல்டிவைட்டமின் வாங்கி தினமும் காலையில் காபியோடு விழுங்கி வந்தேன். டப்பாவின் பின்பக்கம் 23 சத்துகளின் பெயர்கள் இருந்தன. இரும்பும் அதில் ஒன்று. அதனால் எனக்குச் சத்துக்குறைவு இருக்கவே முடியாது என்று உறுதியாக நம்பினேன்.

போன மாதம் வேறு ஒரு காரணத்துக்காக ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.9. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 5. மருத்துவர் எடுத்த எடுப்பில் கேட்டது, "மாதவிடாய் எத்தனை நாள் போகிறது?" என்றுதான். எட்டு நாள், முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்றேன். அதை நான் இயல்பு என்றே நினைத்திருந்தேன். ஸ்கேனில் கருப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. புற்று இல்லை, ஃபைப்ராய்டு என்றார்கள். ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, நான் மேலே மாத்திரை போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கேட்க வந்தது இதுதான். தினமும் இரும்பு சேர்ந்த மாத்திரை போட்டும் ஏன் கொஞ்சம் கூட ஏறவில்லை? வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கண்ணாடிக்குடுவை

அக்கா, நான் பதினான்கு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். உங்கள் அறிக்கை மாதிரி மாதத்தில் எத்தனையோ பார்க்கிறேன்.

கணக்கைப் பாருங்கள், புரிந்துவிடும். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு சுழற்சியில் 80 மில்லிக்கு மேல் போனால் அதை அதிக ரத்தப்போக்கு என்பார்கள். அதாவது 40 மி.கி. இரும்பு. மற்றபடி தோல், குடல் செல்கள் உதிர்வதில் ஒரு நாளைக்கு ஒரு மி.கி. மாதிரி எல்லோருக்கும் போகும். உங்கள் டப்பாவில் இரும்பு 10 அல்லது 15 மி.கி. இருந்திருக்கும். அதில் உடல் எடுத்துக்கொள்வது ஒரு சிறு பங்குதான். காபி, டீயில் உள்ள பாலிஃபீனால் அதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே மாத்திரையில் கால்சியமும் துத்தநாகமும் இரும்போடு போட்டி போடும். போவது இவ்வளவு, வருவது அவ்வளவு. ஏறுவதற்கு வழியே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் கடைசியாகத்தான் இறங்கும். அதற்கு முன் உடல் சேமிப்பில் இருக்கும் இரும்பைத் துடைத்து எடுக்கும், அந்தச் சேமிப்பின் அளவுதான் ஃபெரிட்டின். பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. ஹீமோகுளோபின் 12 என்று காட்டும்போதே ஃபெரிட்டின் 8 இருக்கும் பெண்களை நான் பார்க்கிறேன். "ரத்தம் நன்றாக இருக்கிறது" என்று அவர்களை அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. காய்ச்சல், அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறியும் காட்டும், அந்த நேரத்தில் எடுத்த எண்ணை நம்ப வேண்டாம்.

பழையமருந்தாளுநர்

மேலே தம்பி சொன்னதோடு சேர்த்து நானும் சொல்கிறேன். மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன்.

மல்டிவைட்டமின் என்பது எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். குறைபாட்டை ஆற்ற அந்தக் கொஞ்சம் போதாது. உங்களுக்கு இப்போது தனி இரும்பு மாத்திரை எழுதியிருப்பார்கள் அம்மா. அதை எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் பாதி பலன். வெறும் வயிற்றில் நன்றாக ஏறும். வைட்டமின் சி கூட இருந்தால் நல்லது. காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்க்க வேண்டாம், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வயிறு பிடிக்கவில்லை என்றால் சாப்பிட்ட பிறகு போடுங்கள். நின்றுபோவதைவிட அது மேல். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

சமீப காலத்தில் எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது குடலின் கதவைச் சாத்திவிடும், ஏறக்குறைய ஒரு நாள் அப்படியே இருக்கும். அடுத்த நாள் போடும் மாத்திரைக்கு வரவேற்பு குறைவு. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட சோதனையில், இரும்பு குறைந்த பெண்களுக்கு அதே எண்ணிக்கை மாத்திரைகளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தபோது மொத்தத்தில் கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. தினமும் மூன்று வேளை என்று எழுதிய காலத்து ஆள் நான். எத்தனை பேரின் வயிற்றைக் கெடுத்தோமோ. உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், 8.9 என்பதால் அவர் தினமும் வேண்டும் என்றால் அதையே செய்யுங்கள்.

ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு நிறைய அதற்கு மேலும் மூன்று மாதம் ஆகும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த மாத்திரையைப் பூட்டி வையுங்கள். ஒரு கைப்பிடி இரும்பு மாத்திரை குழந்தையின் உயிரையே எடுத்துவிடும்.

தாவரன்

தோழி சீக்கிரம் குணமாகட்டும். ஆனால் எல்லோரும் மாத்திரையைப் பற்றியே பேசுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், சாலிஸ்பரி கப்பலில் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இரண்டு பேர்தான் ஒரு வாரத்துக்குள் எழுந்து நடமாடினார்கள். ஈறு அழுகி, பல் உதிர்ந்து, பழைய காயம் திறந்து சாகக் கிடந்தவர்களைப் பழம்தான் பிழைக்க வைத்தது. மாத்திரையே இல்லாத காலம் அது. நல்ல உணவைச் சாப்பிட்டால் போதும், உடலுக்கு வேண்டியது கிடைத்துவிடும் என்பதே என் அனுபவம்.

பழையமருந்தாளுநர்

தாவரன் தம்பி, லிண்ட் எனக்கும் பிடித்தவர். உணவுதான் அடிப்படை, அதில் சண்டையே இல்லை. ஆனால் "போதும்" என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடு குறைவு.

பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சி-யைத் தாமே உடலில் தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்கு அந்த மரபணு பழுதானது, அதனால் பழத்தை நம்பி இருக்கிறோம். அதே மாதிரி வேறு இடைவெளிகளும் உண்டு. பி12 பாக்டீரியாக்கள் செய்வது. செடிகொடிகள் அதைத் தருவதில்லை. உங்கள் பெயரைப் பார்த்தால் முழுத் தாவர உணவு என்று தோன்றுகிறது, அப்படியானால் நீங்கள் பி12 எடுத்தே ஆக வேண்டும். கல்லீரலில் சில வருடங்களுக்கான இருப்பு இருக்கும், அதனால் இன்று தெரியாது. தெரியும்போது நரம்பில் தெரியும். அயோடின் மண்ணில் இல்லாத மலைநாடுகளில் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் கழுத்தில் கழலை வந்தது. சுவிட்சர்லாந்தில் 1922-இல் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் அது அடங்கியது.

ஃபோலிக் அமிலம் இன்னும் அழுத்தமான உதாரணம். குழந்தையின் முதுகுத்தண்டுக் குழல் கரு உண்டான நாலு வாரத்துக்குள் மூடிவிடும், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது. முன்பு அந்தக் குழல் சரியாக மூடாத குறையோடு குழந்தை பெற்றவர்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்த பெரிய சோதனையின் முடிவு 1991-இல் வந்தது. அந்தக் குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. கர்ப்பம் தரிக்க நினைக்கும் எவரும் நாளுக்கு 400 மைக்ரோகிராம் முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு வந்த வழக்கம். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழும். இவ்வளவு சின்ன மாத்திரை, ஒரு குழந்தை நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

தாவரன்

ஐயா, பி12 எடுக்கவில்லை. ஆறு வருடம் ஆகிறது. இந்த வாரமே பரிசோதனை செய்கிறேன். நன்றி.

இரும்புத்தோள்

இந்த இழையைப் படித்ததும் ஒரு சந்தேகம். நான் உடற்பயிற்சி செய்பவன். தினமும் வைட்டமின் சி 2 கிராம், டி 10,000 யூனிட், துத்தநாகம் 50 மி.கி. இரண்டு வேளை, முடிக்கு பயோட்டின் 10 மி.கி., பி காம்ப்ளெக்ஸில் பி6 100 மி.கி. எடுக்கிறேன். ஒரு வருடம் ஆகிறது. நன்றாகத்தான் இருக்கிறேன். தண்ணீரில் கரைவது எல்லாம் சிறுநீரில் போய்விடும், அதிகமானால் கெடுதல் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானே?

கண்ணாடிக்குடுவை

நண்பரே, தயவு செய்து துத்தநாகத்தை இன்றே நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

பெரியவர்களுக்கு ஒரு நாளின் மேல் வரம்பு 40 மி.கி. நீங்கள் எடுப்பது 100. துத்தநாகம் அதிகமானால் குடல் செல்கள் உலோகத்தைப் பிடிக்கும் ஒரு புரதத்தைக் கூடுதலாகச் செய்யும். அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடச் செம்பை இறுக்கிப் பிடிக்கும். அந்தச் செல் உதிரும்போது செம்பும் சேர்ந்து வெளியே போய்விடும். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் செம்புக்குறை வரும். ரத்தசோகை, வெள்ளணுக்கள் குறைவது, காலில் மரத்துப்போய் நடை தள்ளாடுவது எல்லாம் வரும். பல்செட் ஒட்டும் பசையில் இருந்த துத்தநாகத்தாலேயே சிலருக்கு இப்படி ஆனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ரத்தம் திரும்பும், நரம்பு முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

பி6 தண்ணீரில் கரைவதுதான். ஆனாலும் நீண்ட நாள் அதிக அளவு போனால் கை கால் நரம்பைக் கெடுக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கு மேல் வரம்பை நாளுக்கு 12 மி.கி. என்று குறைத்தது. அமெரிக்க வரம்பு இன்னும் 100. முதல் வரம்பை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள், இரண்டாவதின் விளிம்பில் நிற்கிறீர்கள்.

பயோட்டின் உடலைக் கெடுக்காது, எங்கள் கருவியைக் கெடுக்கும். பல பரிசோதனைகளில் பயோட்டினையே பசை மாதிரிப் பயன்படுத்துகிறோம். ரத்தத்தில் அது மிதந்தால் எண்கள் தாறுமாறாக வரும். ஒருமுறை ஒரு பெண்ணின் தைராய்டு அறிக்கையில் டி.எஸ்.எச். அடிமட்டம், டி4 உச்சம். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர் போல அச்சு அசலாக இருந்தது. அவரோ எதிரில் நிதானமாக உட்கார்ந்திருக்கிறார், படபடப்பு இல்லை, எடை குறையவில்லை. என்னென்ன மாத்திரை என்று கேட்டேன். முடிக்கு ஒரு மாத்திரை என்றார். ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னோம், எல்லாம் சரியாக இருந்தது. கேட்காமல் விட்டிருந்தால் இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கியிருப்பார்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனினும் இதனால் பொய்யாகக் குறைந்து காட்டலாம். ஒரு நாளைக்கு வேண்டிய பயோட்டின் 30 மைக்ரோகிராம். உங்கள் மாத்திரை அதைப்போல 300 மடங்குக்கும் மேல். ரத்தம் கொடுக்கும் முன் சொல்லுங்கள், அதுவே போதும்.

பழையமருந்தாளுநர்

வைட்டமின் சி பற்றி மட்டும். 200 முதல் 400 மி.கி. போனதும் ரத்தத்தில் அளவு நிறைந்துவிடும், அதற்கு மேல் சிறுநீரில் வெளியே போகும். போகும் வழியில் ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக மாறும், சிறுநீரகக் கல் வரும் உடம்புக்கு நல்லதில்லை. சளிக்கு என்றால், தொடர்ந்து எடுத்துவந்த பெரியவர்களுக்கு ஏறக்குறைய 8 சதவீதம் நாள் குறைந்ததாகத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. ஏழு நாள் சளியில் அரை நாள். மாரத்தான் ஓடுகிறவர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுக்கும் வீரர்கள் போன்றவர்களுக்குச் சளி பிடிப்பதே பாதியானது உண்மை. நீங்கள் அந்த அளவு பயிற்சி செய்கிறீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பின்வரிசை

உயிரியல் ஆசிரியை நான். இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போவேன், இன்று எழுதத் தோன்றியது.

ஒவ்வொரு வருடமும் மாணவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். பழமும் காய்கறியும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு, அவர்கள் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம். அப்படியானால் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால்? யாருக்கும் நியாயமாகத் தோன்றும் யோசனை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைச் சேர்த்தார்கள். ஐந்து முதல் எட்டு வருடம் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவில் அதே மாதிரி நடந்துகொண்டிருந்த இன்னொரு சோதனையிலும் அதே திசையில் எண்கள் போனதால் 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இந்த இடத்தில் வகுப்பு எப்போதும் அமைதியாகிவிடும். நல்லது செய்ய நினைத்தவர்கள், நல்லது என்று எல்லோரும் நம்பிய பொருள், ஆனால் விளைவு நேர் எதிர். பழத்தில் இருந்தது பீட்டா கரோட்டின் மட்டும் இல்லை. அதில் ஒன்றை மட்டும் பிரித்து, உணவில் வழக்கமாக வராத அளவில், புகையால் புண்ணான நுரையீரலுக்குக் கொடுத்தோம். உங்கள் வீட்டில் யாராவது புகைபிடித்தால் அவர்கள் எடுக்கும் மாத்திரையில் பீட்டா கரோட்டின் எவ்வளவு என்று இன்றே பாருங்கள். இதற்காகத்தான் உள்ளே வந்தேன்.

மூத்தமகன்

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. அப்பாவுக்கு 68 வயது. சுகர், 11 வருடமாக மெட்ஃபார்மின். வயிற்று எரிச்சலுக்கு தினமும் ஒரு அமில மாத்திரையும் உண்டு. ஒரு வருடமாக இரண்டு பாதமும் மரத்துப்போகிறது என்கிறார். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால் தெரியவில்லை. சுகரால் வந்த நரம்புக் கோளாறு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ரத்தசோகை இல்லை. யாரோ சொன்னார்கள் என்று ஃபோலிக் அமிலம் 5 மி.கி. அவரே வாங்கிப் போடுகிறார்.

பழையமருந்தாளுநர்

தம்பி, நாளைக்கே பி12 பாருங்கள். மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுத்தால் பி12 உறிஞ்சுவது குறையும், இது நன்றாகத் தெரிந்த விஷயம். வயிற்று அமிலம் இருந்தால்தான் உணவில் இருந்து பி12 பிரியும், அந்த அமிலத்தையும் மாத்திரை நிறுத்திவைத்திருக்கிறது. வயதும் சேர்ந்துகொண்டது. மூன்று வழியிலும் அடைப்பு.

ரத்தசோகை இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். பி12 இல்லாதபோது ரத்தம் கெடும், ஆனால் ஃபோலிக் அமிலம் நிறைய இருந்தால் அந்த ரத்தக் கோளாறு மட்டும் சரியாகிவிடும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும், வெளியே அறிகுறி காட்ட ஆள் இல்லை. சுகரால் வரும் மரத்துப்போதலும் பி12 குறையால் வருவதும் நோயாளி சொல்லும்போது ஒன்று போலவே இருக்கும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஒன்றை மாற்ற முடியும் என்பதால் அதைப் பார்த்தே ஆக வேண்டும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கண்ணாடிக்குடுவை

பி12 எண் இரண்டும்கெட்டானாக வந்தால் மெத்தில்மலோனிக் அமிலம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். செல்லுக்குள் உண்மையில் குறை இருக்கிறதா என்று அது சொல்லும். ஊசி போடுவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும்.

ஊசிநூல்

வைட்டமின் டி பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். என் அத்தைக்கு டி குறைவு என்று வாரத்துக்கு ஒன்று என்று அதிக வலு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அத்தை எல்லா மாத்திரையும் தினமும்தானே என்று தினமும் போட்டிருக்கிறார். இரண்டரை மாதம். முதலில் பசியில்லை, மலச்சிக்கல். பிறகு ஓயாத தாகம், வாந்தி. கடைசியில் நாங்கள் யார் என்றே குழம்பினார். ரத்தத்தில் கால்சியம் 13.8 வரை ஏறியிருந்தது, சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. பத்து நாள் மருத்துவமனையில் இருந்து திரும்பினார். டி கொழுப்பில் தங்குவதால் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்குமாம். இப்போது ஒவ்வொரு பட்டையிலும் மாத்திரைக்கு மேல் தேதியை நானே பேனாவால் எழுதி வைக்கிறேன். இரும்புத்தோள் அண்ணா, 10,000 யூனிட் யார் சொல்லி எடுக்கிறீர்கள்?

இரும்புத்தோள்

யாரும் சொல்லவில்லை. ஒரு காணொளி பார்த்தேன். நேற்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். செம்பு, டி, கால்சியம் மூன்றும் பார்க்க ரத்தம் கொடுத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், விரல் நுனியில் மூன்று மாதமாக லேசாகக் குறுகுறுப்பு உண்டு. கம்பி பிடிப்பதால் என்று நினைத்திருந்தேன்.

பழையமருந்தாளுநர்

அந்தக் குறுகுறுப்பையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரை டப்பாக்களையும் கையோடு கொண்டு போங்கள். டி-க்கு நாளொன்றுக்கு 600 முதல் 800 யூனிட் பெரும்பாலோருக்குப் போதும், 4,000 மேல் வரம்பு. ஆரோக்கியமாக இருப்பவர்கள் எல்லோருக்கும் டி பரிசோதனை தேவையில்லை என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024 வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது.

மழைத்துளி

பத்து வாரம் ஆகிறது, வந்து சொல்லிவிட்டுப் போகலாம் என்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பற்றிக் கேட்டேன். முதல் மாதம் தினமும், பிறகு அப்படி மாற்றலாம் என்றார் மருத்துவர். ஹீமோகுளோபின் 11.8. ஃபெரிட்டின் 24. ரத்தப்போக்கைக் குறைக்க மருந்து தொடங்கியிருக்கிறோம், கட்டியை எடுப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. படி ஏறும்போது பாதியில் நிற்பதில்லை. காபி இப்போது பதினோரு மணிக்குத்தான். மூத்தமகன் தம்பி, அப்பாவுக்கு என்ன ஆயிற்று?

மூத்தமகன்

அக்கா, பி12 112 வந்தது. ஊசி தொடங்கி ஏழு வாரம். ஃபோலிக் அமிலத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், மெட்ஃபார்மின் தொடர்கிறது. இடது காலில் பெரிய மாற்றம் இல்லை. ஒரு வருடம் விட்டுவிட்டதால் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, ஆறு மாதமாவது பார்க்க வேண்டும் என்றார்கள். முன்பே கேட்டிருக்கலாம் என்று இரவில் தோன்றும். ஆனால் நேற்று வாசலில் நின்றுகொண்டு, வலது காலில் செருப்பு இருப்பது தெரிகிறதடா என்று கூப்பிட்டுச் சொன்னார்.